கட்டைக் குரல் வரவில்லையா? தடுப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி

பாலக்கோடு பக்கம் திருவிழா, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று மைக் பிடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மேடையை விட்டு இறங்கியதும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அண்ணா, குரல் இப்படிக் கட்டையா வரணும்னா என்ன பண்ணணும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளுக்கு நேர்காணல் போகும் பையன்கள். மீதிப் பேர் ஆசிரியர்கள், விற்பனை வேலையில் இருப்பவர்கள், கூத்துப் பழகுகிறவர்கள்.

எனக்கும் இருபத்து மூன்று வயது வரை மெலிந்த குரல்தான். அதை அமுக்கி அமுக்கித் தாழ்த்திப் பேசப் போய், ஒரு மாரியம்மன் பண்டிகையில் இரண்டாம் நாளே பேச்சு நின்றுவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அங்கே கற்றதையும், அதற்கப்புறம் பலருக்குச் சொல்லிக்கொடுத்ததில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் குரலைக் கீழே இறக்கவே தேவையில்லை. தங்களை அறியாமல் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அந்தப் பிடியை விட்டால் போதும். பிடி எங்கே இருக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் எல்லாவற்றையும் செய்து பார்க்காமல், உங்கள் குறைக்கு ஒத்துவரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று தட்டி அதிர்வதுதான் குரல். ஆண்களுக்கு அவை சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். நீளமும் தடிமனும் கூடினால் மெதுவாக அதிரும், குரல் கனக்கும். எந்தப் பயிற்சியாலும் நாணை நீளமாக்க முடியாது. உங்கள் நாணுக்கு உரிய அடிக்குரலில் பேசப் பழகலாம், அவ்வளவுதான். அந்த அளவே பலரை ஆச்சரியப்படுத்தும்.

"ரெக்கார்டு பண்ணிக் கேட்டா என் குரல் எனக்கே கீச்சுனு இருக்கு"

இது கோளாறு இல்லாமலும் இருக்கலாம். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு அடிக்குரல் ஒலியை நன்றாகக் கடத்தும். அதனால் நமக்கு நாமே கனமாகக் கேட்கிறோம். ரெக்கார்டில் அந்தப் பங்கு கிடையாது. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டு வந்தது ரெக்கார்டில் இருக்கும் குரலைத்தான்.

சந்தேகம் தீர அளந்து பாருங்கள். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சாதாரணமாகப் படித்தால், நாண் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண் (ஹெர்ட்ஸ்) தெரியும். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்ணின் குரல் 165 முதல் 255 வரையிலும் இருக்கும். 120, 130 காட்டுகிற பையன்கூட "என் குரல் பொடிசு" என்று வருந்துகிறான். அவனுக்குக் குறை குரலின் உயரத்தில், அதாவது சுருதியில் இல்லை, ஒலி நிறைவில் இருக்கிறது. 'மெலிசாக இருக்கிறது' என்ற பகுதிக்குப் போகலாம்.

"கட்டையா பேசுனா பத்து நிமிஷத்துல தொண்டை வலிக்குது, கம்மிடுது"

என்னைத் தேடி வருபவர்களில் அதிகம் பேர் இந்த வகை. நானும் இதே வகைதான். தாடையைக் கழுத்தோடு ஒட்டி, நாக்கின் அடியைக் கீழே அமுக்கி, தொண்டைக்குள்ளிருந்து உருட்டிப் பேசினால் கனமாகப் பேசுவது போல நமக்குத் தோன்றும். வெளியே கேட்பவருக்கு அது அடைத்துக்கொண்ட குரல். உள்ளே நாண்கள் இறுகி மோதிக்கொள்கின்றன, வீங்குகின்றன. வருடக்கணக்கில் இப்படியே பேசினால் நாண்களில் கடினமான முடிச்சுகள் வரலாம்.

முதலில் அமுக்கிப் பேசுவதை அடியோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் பழைய குரலிலேயே பேசினாலும் பரவாயில்லை.

அப்புறம் உங்கள் சொந்தக் குரல் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நம்மிடம் அருமையான வழி ஒன்று இருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவோமே, அதுதான். திண்ணையில் சாய்ந்து, எதையும் யோசிக்காமல், "ம்... ம்ம்..." என்று கொட்டுங்கள். அந்த ஒலியில் பாவனை கிடையாது. அது எந்த இடத்தில் வருகிறதோ அதுவே உங்கள் குரலின் வீடு. 'ம்' கொட்டிய கையோடு அதே இடத்திலிருந்து "ம்ம்... ஆமா", "ம்ம்... சரி", "ம்ம்... அப்புறம் என்ன ஆச்சு" என்று சொல்லைத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் சொல் தொடங்கியதும் குரல் மேலே ஓடிவிடும். மறுபடி 'ம்' கொட்டித் திரும்பி வாருங்கள்.

கூடவே ஸ்ட்ரா பயிற்சி. என் குரலைத் திருப்பிக் கொடுத்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, இளநீர்க் கடையில் தருவது போன்ற ஸ்ட்ராவின் நுனி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் நீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். உதட்டைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் மூடி, "ஊ" என்று குரல் கொடுத்தபடி ஊதுங்கள். தண்ணீர் சீராகக் குமிழ வேண்டும். குமிழி நின்று நின்று வந்தால் மூச்சு சீராகப் போகவில்லை, வெளியே தெறித்தால் வேகம் அதிகம். ஒரே உயரத்தில் சில முறை, பிறகு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு சில முறை. மொத்தம் மூன்று, நான்கு நிமிடம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் செய்யலாம்.

ஸ்ட்ராவின் சிறு துளை வழியாகக் காற்று சிரமப்பட்டு வெளியேறுவதால் வாய்க்குள் ஓர் எதிர் அழுத்தம் உண்டாகிறது. அது நாண்களை லேசாக விலக்கி வைக்கிறது. அவை முட்டிக்கொள்ளாமல் மெல்லத் தொட்டு அதிரப் பழகுகின்றன. பேச்சுப் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஸ்ட்ரா இல்லையென்று பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வாயில் வைக்காதீர்கள், அதன் பால் உதட்டைப் புண்ணாக்கும். ஸ்ட்ராவை எடுத்ததும் அதே இளக்கத்தோடு நாலு வரி பேசுங்கள். அந்த நாலு வரிதான் பயிற்சியின் பலன், அதை விட்டுவிட்டால் வெறும் தண்ணீர் விளையாட்டுதான்.

"தனியா இருந்தா நல்லா வருது, நேர்காணல்ல ஏறிக்குது"

பதட்டத்தில் மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. தோள் ஏறும், கழுத்துத் தசை இறுகும், குரல்வளை மேலே போகும். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். பதட்டத்தில் அது ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலிருக்கும் குழாய் குறுகி, நாணும் இழுபட்டு, குரல் மெலிந்து ஏறுகிறது.

"மூச்சை நல்லா இழுத்துவிட்டுப் பேசு" என்று சொல்லி அனுப்புவார்கள். அது தவறான யோசனை என்பது என் அனுபவம். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நெஞ்சில் மேலும் காற்றை அடைத்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். அதனால் முதலில் வெளியே விடுங்கள். "ஸ்ஸ்" என்று மெதுவாகக் கடைசி வரை விட்டுவிட்டால், அடுத்த மூச்சு தானாக அடிவயிற்றுக்குப் போகும்.

வீட்டில் பழக, பாயில் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது புத்தகம் எழ வேண்டும், தோள் அசையக்கூடாது. பத்து நாளில் பிடிபடும். அதற்கப்புறம் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே.

ஓசூருக்கு நேர்காணலுக்குப் போகும் பையன்களுக்கு நான் சொல்வது வேறொன்றும் உண்டு. உள்ளே கூப்பிடும் முன் வராண்டாவில் வாயை மூடிக்கொண்டு நாலைந்து தடவை மெதுவாக 'ம்' கொட்டிக்கொள்ளுங்கள், யாருக்கும் கேட்காது. உள்ளே போனதும் சொல்லும் முதல் "வணக்கம் சார்" எந்த உயரத்தில் விழுகிறதோ, பேச்சு முழுவதும் அதை ஒட்டியே போகும். அந்த ஒரு சொல்லை மட்டும் வீட்டில் நூறு முறை பழகுங்கள். அப்புறம், பதில் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் கேள்வி கேட்பது போல மேலே தூக்குகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. "பாலிடெக்னிக் முடிச்சிருக்கேன்" என்பதில் 'கேன்' கீழே இறங்கி நிற்கட்டும். குரலின் உயரம் ஒரு துளி மாறாவிட்டாலும் கேட்பவருக்குக் கனம் கூடித் தெரியும்.

"குரல் உயரம் சரிதான், ஆனா மெலிசா, மூக்கால பேசுற மாதிரி இருக்கு"

பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம்: வல்லினம் பிறக்கும் இடம் மார்பு, மெல்லினத்துக்கு மூக்கு, இடையினத்துக்குக் கழுத்து. அதை வைத்தே சோதித்துவிடலாம். மூக்கை விரலால் மூடிக்கொண்டு "அப்பா காட்டுக்குப் போறாரு" என்று சொல்லுங்கள். இதில் மெல்லினமே கிடையாது. மூக்கை மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். மூடியதும் ஒலி மாறினால் உங்கள் காற்று தேவையில்லாமல் மூக்கு வழியாகக் கசிகிறது. "மாமா நாணயம்" என்று சொன்னால் மாறத்தான் செய்யும், அது இயல்பு.

கசிவு இருந்தால், பெரும்பாலும் வாய் போதுமான அளவு திறப்பதில்லை. நம் பக்கத்தில் பல்லைக் கடித்தபடி, உதடு அசையாமல் பேசும் பழக்கம் நிறைய. கொட்டாவி விடுவது போலத் தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள். உள்நாக்கு மேலே போய், தொண்டை அகன்று, குரல்வளை தானாகக் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் ஒரு பெருமூச்சோடு "ஹா..." என்று மேலிருந்து கீழே விடுங்கள். நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரியும். இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, வல்லினம் நிறைந்த வரிகளாகப் படித்துப் பழகுங்கள்.

விடிய விடிய நடக்கும் நம் தெருக்கூத்தைக் கவனித்துப் பாருங்கள். கூத்தில் பாடுபவர் உச்சத்தில்தான் பாடுகிறார், ஆனாலும் கடைசி வரிசைவரை கணீரென்று போகிறது. அந்தக் கனம் உயரத்திலிருந்து வரவில்லை. மூச்சிலிருந்தும் வாய்த் திறப்பிலிருந்தும் வருகிறது. மெலிந்த குரல் என்று வருந்துகிறவர்கள் ஒரு முறை முன்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் வாயை மட்டும் பார்க்க வேண்டும்.

எப்போதும் சளி பிடித்தது போல மூக்கடைத்தே பேசினால் அது வேறு விஷயம். மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி போன்றவற்றை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

"போன்ல மட்டும் என்னை 'மேடம்'ங்கறாங்க"

பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். உங்கள் அடிக்குரல் 120 என்றால் அது போய்ச் சேருவதே இல்லை, மேலே இருக்கும் ஒலிகளை வைத்து எதிராளியின் மூளை ஊகித்துக்கொள்கிறது. போனில் வாயை நன்றாகத் திறந்து நிதானமாகப் பேசினால் பாதி சரியாகும். 4ஜி வழி அழைப்பில் ஒலி அகலமாகப் போவதால் இந்தக் குறை குறையும்.

"வாக்கியம் முடியும்போது கொறகொறனு போகுது"

மூச்சு தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தாழ்ந்த குரல் என்று நினைத்து வேண்டுமென்றே இதைச் செய்பவர்களும் உண்டு. அது கனம் இல்லை, நாண்கள் தொய்ந்து உதறும் சத்தம். வாக்கியத்தைச் சிறிதாக்கி, காற்று மீதி இருக்கும்போதே முடியுங்கள்.

"காலைல கட்டையா இருக்கு, பத்து மணிக்கு மேல ஏறிடுது"

இரவெல்லாம் பேசாததால் தசைகள் தளர்ந்து, நாண்கள் லேசாக உப்பியிருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். அதைப் பிடித்து வைக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

ஆனால் காலையில் கரகரப்போடு தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறீர்கள், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போலிருக்கிறது என்றால், வயிற்று அமிலம் மேலேறி வரலாம். ராத்திரி பத்து மணிக்குக் களியும் காரக் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். செருமுவதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். ஒவ்வொரு செருமலும் நாணுக்கு ஓர் அடி.

"சாயங்காலம் ஆனா குரலே இல்ல"

ராயக்கோட்டையில் தக்காளி ஏலம் கூவுகிறவர், பேருந்து நடத்துநர், அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பின் ஆசிரியர், கிரானைட் குவாரித் தூசியில் நாள் முழுக்க நிற்பவர். இவர்களிடம் குரல் கனமாகப் பயிற்சி கேட்டால் முதலில் ஓய்வைத்தான் சொல்வேன். இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் சத்தத்தையும் உயரத்தையும் கூட்டிவிடுகிறான். ஒகேனக்கல் அருவிக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரும்பி வந்த பிறகும் சிறிது நேரம் கத்திக்கொண்டுதான் இருப்போம். கையடக்க மைக் வாங்குங்கள், கைதட்டியோ மணியடித்தோ கவனத்தை இழுங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். குரல் போன நாளில் கிசுகிசுத்துப் பேசுவதும் வேண்டாம், பலருக்கு அதுவும் நாணை இறுக்கும்.

"வயசு பத்தொம்பது, இன்னும் குரல் உடையல"

இதைப் படிக்கும் தம்பிக்கு: இது உன் குற்றமில்லை, இதற்கு மருந்தைவிட எளிய தீர்வு இருக்கிறது.

பழைய நாடகக் கம்பெனிகளில் சிறுவர்களுக்கு மகரக்கட்டு வந்துவிட்டது என்பார்கள். பருவ வயதில் குரல்வளை பெரிதாகி, நாண் நீண்டு, குரல் உடையும் கட்டம் அது. சிலருக்கு மீசை அரும்பும், குரல்வளை வளர்ந்திருக்கும், ஆனால் பேசும் பழக்கம் மட்டும் சிறுவயதுக் குரலிலேயே நின்றுவிடும். கருவி வளர்ந்துவிட்டது, வாசிப்பு மாறவில்லை. சோதனை எளிது: பலமாக ஒரு முறை இருமிப் பார். இருமலிலோ சிரிப்பிலோ கனத்த ஒலி வந்தால் அந்தக் குரல் உனக்குள் தயாராகவே இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் அந்த இருமலிலிருந்தே தொடங்கி, சில நேரம் குரல்வளையை விரலால் மெல்ல அழுத்தி, அந்த ஒலியைச் சொல்லுக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் மாறிவிடுகிறது. மீசை, உடல் வளர்ச்சி எதுவுமே வரவில்லை என்றால் ஹார்மோன் பரிசோதனை வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் "பொம்பளை மாதிரி பேசாதே" என்று ஒரு முறை சொன்னாலும் பையன் வாயை மூடிக்கொள்வான். நான் பார்த்த ஒரு பையன் கல்லூரியில் இரண்டு வருடம் வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லாமல் கையை மட்டும் தூக்கியிருக்கிறான். பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரம் தன் குரலைக் கேட்டு அழுதான்.

"நான் பெண், எனக்கும் கொஞ்சம் கனமா வேணும்"

ஆசிரியைகளும் வங்கியில் வேலை செய்பவர்களும் கேட்கிறார்கள். வழி ஒன்றேதான்: 'ம்' கொட்டுவது, ஸ்ட்ரா, வாய்த் திறப்பு. பணிவு காட்டுவதற்காகக் குரலைத் தூக்கிப் பேசிப் பழகியவர்கள் அதை விட்டாலே நல்ல இறக்கம் கிடைக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் ஹார்மோன் ஊசி, மாத்திரை பக்கம் மட்டும் போகாதீர்கள். பெண்களுக்கு அவை குரலை நிரந்தரமாக மாற்றிவிடும், மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. எதுவும் செய்யாமலே குரல் கனத்துக்கொண்டு வந்து, உடல் எடையும் சோர்வும் கூடினால் தைராய்டைப் பரிசோதியுங்கள்.

"பச்சை முட்டை, மிளகு, அதிமதுரம் எல்லாம் சாப்பிட்டுப் பாத்தாச்சு"

விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. விழுங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், உணவு பின்னால் இருக்கும் குழாயில் போகும். தேனும் அதிமதுரமும் தொண்டைக்கு இதம் தரும், குரலை இறக்காது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பது அவற்றைவிட மேல். புகைத்தால் குரல் கனக்கும் என்று சொல்பவர்கள் சொல்வது ஒரு விதத்தில் உண்மைதான்: புகை நாணை வீங்க வைத்துத்தான் அந்தக் கனத்தைத் தருகிறது. வேண்டாம்.

பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

சளி, காய்ச்சல் இல்லாமல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது. விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது சத்தம். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சிறு கேமராவை உள்ளே விட்டுக் குரல் நாணை நேரே பார்த்துவிடுவார்கள், சில நிமிட வேலை. பார்க்காமல் யாரும் தொண்டைக்கு மருந்து சொன்னால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

"பயிற்சில வருது, வீட்டுக்கு வந்தா பழைய குரல்"

கடைசியாக வரும் சிக்கல் இது, எல்லோருக்கும் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் பழைய குரல்தான் பழக்கம், புதியதைக் கேட்டதும் "என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா" என்பார்கள். உடனே நாம் பழையதற்குத் திரும்பிவிடுவோம். அதனால் அறிமுகம் இல்லாதவர்களிடமிருந்து தொடங்குங்கள். பேருந்தில் டிக்கெட் கேட்கும்போது, டீக்கடையில், பெட்ரோல் பங்கில். "பென்னாகரம் ஒண்ணு" என்று கேட்கும் அந்த இரண்டு சொல் போதும். அடுத்த வாரம் போன் அழைப்புகள், அதற்கடுத்து நண்பர்கள். அம்மாவிடம் கடைசியாக. என் அம்மா நான்காம் மாதம்தான் கவனித்தார். சமையல்கட்டிலிருந்து, "யாரு வந்திருக்காங்க, உங்கப்பா குரல் மாதிரி கேட்டுச்சு" என்றார்.